புதுப்பிப்பு: 1968 'டார்க் ஸ்டார்' மறுபடியும் கேட்டேன்

அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் 1968 பிப்ரவரி 14 அன்று சான் பிரான்சிஸ்கோ கரௌசல் பால்ரூமில் வாசித்த 'டார்க் ஸ்டார்' பாட்டு அவசரமாக ஓடுகிறது, இன்னும் கனியவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாரின் ஒலியை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள் என்றார் ஒருவர். நேற்று இரவு ஹெட்போனில் நாலு முறை கேட்டேன்.

அவர் சொன்னது சரி. பேஸ் வாசிக்கும் ஃபில் லெஷ் தாளத்துக்குத் தூணாக நிற்பதோடு விடவில்லை. ஜெர்ரி கார்சியாவின் கிதாருக்குப் பதில் சொல்லிக்கொண்டே தனியாக ஒரு மெட்டைப் பின்னுகிறார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் இதே பாட்டு 23 நிமிடம் விரிந்ததே ('லைவ்/டெட்' ஆல்பத்தில் இருப்பது அதுதான்), அதன் விதை இங்கேயே இருக்கிறது. 1969-இல் வேகத்தைக் குறைத்ததும் பாட்டுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. கனியவில்லை என்று நான் சொன்னது தவறு.