பரணில் கிடைத்த வேர்ல்டுஸ்பேஸ் ரேடியோ ஏன் பாடவில்லை?

குடியாத்தம் பேரன்:
தாத்தா வீட்டுப் பரணில் ஒரு வேர்ல்டுஸ்பேஸ் ரேடியோவும் சின்னத் தட்டை ஆண்டெனாவும் கிடைத்தன. கரண்ட் கொடுத்தால் விளக்கு எரிகிறது, ஒரு நிலையமும் வரவில்லை. கரகரப்பே இல்லாமல் பாடும் என்று அப்பா இன்னும் சொல்கிறார். அவ்வளவு நல்ல பொருள் ஏன் ஓடவில்லை?

காட்பாடி மெக்கானிக்:
பெட்டியில் பழுதில்லை தம்பி. இது சந்தா கட்டி, சாட்டிலைட்டிலிருந்து நேராகக் கேட்கும் ரேடியோ. அமெரிக்கத் தாய் நிறுவனம் 2008 அக்டோபரில் திவால் மனு போட்டது. 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியாவில் ஒலிபரப்பும் நின்றது.

நான் வேலூரில் பல வீடுகளில் அதை மாட்டியவன். ஏஷியாஸ்டார் சாட்டிலைட் நமக்குக் கிழக்கே, கொஞ்சம் தெற்கே ஒதுங்கி இருந்தது. குறுக்கே ஒரு வேப்பங்கிளை வந்தாலும் போச்சு. சாயிநாதபுரத்தில் ஒரு வாத்தியார், கர்நாடக இசைக்கான ஸ்ருதி சேனலுக்காகவே சந்தா கட்டியவர். மொட்டை மாடி ஆண்டெனாவைக் குரங்கு திருப்பிவிட்டுப் போகும். கச்சேரி பாதியில் நிற்கும். எனக்கு போன் வரும். டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு ஓடுவேன். பெட்ரோல் காசு கேட்கக் கூச்சமாக இருக்கும்.

ரேடியோ என்றால் சலூனில், லாரியில், அடுப்படியில் பாட வேண்டும். இதை வானம் தெரியும் இடத்தில் கட்டிப்போட வேண்டியிருந்தது. அமெரிக்காவில் எக்ஸ்எம் சாட்டிலைட் ரேடியோ காருக்குள் போனது. கட்டடம் மறைக்கும் நகரங்களில் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரைத் தரையில் வைத்தார்கள். இங்கே அந்த வசதி வரவே இல்லை. அதற்குள் செல்போனில் எஃப்எம் வந்துவிட்டது. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரக் கடைகளும் வந்தன. வேர்ல்டுஸ்பேஸில் தமிழுக்குக் கேஎல் ரேடியோ என்ற சேனல் இருந்தது, உண்மைதான். ஆனால் அதே பாட்டுக்கு யார் வருடாவருடம் சந்தா கட்டுவார்கள்?

ஆம்பூர்வாசி:
அண்ணன் பாதிப் பழியைக் குரங்கு மேல் போடுகிறார்! பெட்டி விலைதான் முதல் தடை. ஆகாசவாணியின் டிஆர்எம் என்கிற டிஜிட்டல் ரேடியோ என்ன ஆனது? மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை டிஜிட்டலாக்கினார்கள். சில கார்களில் கேட்கலாம். வீட்டுக்கு ஒன்று வாங்கலாம் என்று கடை கடையாக ஏறினேன். ‘டிடிஎச்சா சார்?’ என்று கேட்டார்கள்.

காட்பாடி மெக்கானிக்:
விலை விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். குரங்கை மட்டும் விட மாட்டேன்.

குடியாத்தம் பேரன்:
அப்போ இதைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா அண்ணா?

காட்பாடி மெக்கானிக்:
அவசரப்படாதே. பின்னால் ஆடியோ இன்புட் இருக்கிறதா பார். இருந்தால் போனைச் செருகிப் பாட்டுக் கேட்கலாம். இல்லையென்றால் ஸ்பீக்கரைக் கழற்றி எடுத்து வா. ஞாயிறு மதியம் மட்டும் வேண்டாம், கடை இருக்காது.