செருப்புத் தைப்பவரின் மகனா? கேப்டன் மிங்ஸின் வேர் தேடிய அனுபவம்

நான் தேடியது சர் கிறிஸ்டோபர் மிங்ஸின் குடும்பத்தை. ஜமைக்காவிலிருந்து கிளம்பிப் போய் ஸ்பானியத் துறைமுகங்களைச் சூறையாடிய ஆங்கிலேயக் கடற்படை கேப்டன் அவர். பிறகு வைஸ் அட்மிரல் ஆனார். 1666 ஜூனில் டச்சுக்காரர்களோடு நடந்த நான்கு நாள் போரில், தொண்டையில் குண்டு பாய்ந்த பிறகும் காயத்தை விரலால் பொத்திக்கொண்டு மேல்தளத்திலேயே நின்றிருக்கிறார். இன்னொரு குண்டு கழுத்தில் பாய்ந்த பிறகுதான் சாய்ந்தார்.

அவரைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரு தகவல் தவறாமல் வரும்: அப்பா செருப்புத் தைப்பவர், அம்மா சரக்குப் படகு ஓட்டியவரின் மகள். சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் எழுதியது அது. பீப்ஸ் கடற்படை நிர்வாகத்திலேயே இருந்தவர், மிங்ஸை நேரில் அறிந்தவர். அதனால் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. நாட்குறிப்பில் பெற்றோரின் தொழில் இருக்கிறது, பெயர் இல்லையே!

பெயர் இருந்த இடம் நார்ஃபோக் கடற்கரையில் சால்ட்ஹவுஸ் என்ற சின்ன ஊரின் தேவாலயப் பதிவேடு. இங்கிலாந்தில் 1538 முதல் ஒவ்வொரு பங்கும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணை. 22 நவம்பர் 1625 அன்று கிறிஸ்டோபருக்கு ஞானஸ்நானம். இரண்டு வருடம் பின்னால் போனால், 28 செப்டம்பர் 1623 அன்று பெற்றோரின் திருமணம். மாப்பிள்ளை ஜான், லண்டன் செயின்ட் கேத்தரின் பங்கைச் சேர்ந்தவர். பெண் கேத்தரின் பார். இன்னும் பின்னால் 1605 ஜூனில் கேத்தரினுக்கே ஞானஸ்நானம், அதே ஊரில். அவளுடைய அப்பா கிறிஸ்டோபர் பார், அந்த வட்டாரத்தில் சொத்து வைத்திருந்தவர். தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைத்திருக்க வேண்டும்.

ஆக, அம்மா படகோட்டி மகள் என்ற பேச்சு சரியாகப் பொருந்தவில்லை. அப்பா விஷயம் வேறு. அந்த செயின்ட் கேத்தரின் லண்டன் கோட்டையை ஒட்டிய ஆற்றங்கரைப் பகுதியாக இருந்தால், அது கப்பல்காரர்களும் கைத்தொழில் செய்பவர்களும் நெருக்கி வாழ்ந்த இடம். அங்கே ஒருவர் செருப்புத் தைத்திருந்தால் அதில் ஆச்சரியமே இல்லை.

பீப்ஸ் இன்னொன்றும் சொல்கிறார்: மிங்ஸ் தன் எளிய பிறப்பைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அடிமட்டத்திலிருந்து வந்த மாலுமிகளுக்கும் கேப்டன் பதவிக்காக இழுபறி நடந்த காலம் அது. "நானும் உங்களில் ஒருவன்" என்று சொன்ன தலைவனை மாலுமிகள் எப்படி நேசித்தார்கள் என்பதற்கு அவருடைய இறுதிச் சடங்கே சாட்சி. சடங்கு முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு மாலுமிகள் கண்ணீரோடு பீப்ஸ் இருந்த வண்டியருகே வந்து, ஒரு தீக்கப்பல் (எதிரிக் கப்பல்மேல் மோதவிட்டுக் கொளுத்தும் கப்பல்) கொடுங்கள், அவருக்காகப் பழிவாங்கிச் சாகத் தயார் என்று கேட்டிருக்கிறார்கள். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இதே காலத்து ஆட்களைத் தேடுபவர்களுக்குச் சில விஷயங்கள். எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். மிங்ஸ், மின்ஸ், மைன்ஸ் என்று எப்படி வேண்டுமானாலும் வரும். கூடவே சர் ஜான் மென்னஸ் என்று வேறொரு கடற்படை அதிகாரி குறுக்கே வருவார். அவர் கென்ட் பக்கத்து ஆள், இருவரையும் கலந்துவிடாதீர்கள். அப்புறம் வருடக் கணக்கு. அன்று புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. பிப்ரவரி 1650 என்று இருந்தால் நமக்கு அது 1651. இதைக் கவனிக்காவிட்டால் திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததுபோலத் தெரியும். உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல பதிவேடுகளில் ஓட்டை விழுந்திருக்கிறது. மற்ற காலத்து ஓட்டைகளுக்கு பிஷப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பிய நகல்களைப் பாருங்கள்; போர்க் காலத்துக்கு அவையும் பெரும்பாலும் இருக்காது.

பதிவேடு காலை வாரிவிட்டால் உயில்தான் கதி. கேன்டர்பரி பேராயர் நீதிமன்றம் உறுதிசெய்த உயில்கள் 1384 முதல் 1858 வரை லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலேயே எடுக்கலாம். கேப்டனின் உயிலோடு விட்டுவிடாதீர்கள், விதவையின் உயிலையும் தேடுங்கள். மருமகன், பேத்தி, தங்கை பிள்ளை என்று உறவுக்காரர்கள் வரிசையாக வருவது பெரும்பாலும் அதில்தான்.

நான் இப்போது மகன் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். அவர் பெயரும் கிறிஸ்டோபர்தான். 1704 மலாகா போரில் நாமூர் கப்பலின் கேப்டன், பிறகு போர்ட்ஸ்மவுத்தில் கடற்படை ஆணையர். போர்ட்ஸ்மவுத் பதிவேடுகளில் யாராவது தேடியிருந்தால், எங்கே தொடங்கினீர்கள் என்று சொல்லுங்கள்.