ஹிரோஷிமால அந்த டிபன் பாக்ஸைப் பார்த்த நாள்

காலேஜ் ரெண்டாவது வருஷத்துல மாணவர் பரிமாற்றத் திட்டத்துல பத்து நாள் ஜப்பான் போயிருந்தேன், அதுல ரெண்டு ராத்திரி ஹிரோஷிமா பக்கத்துல ஒரு வீட்டுல தங்க வச்சாங்க. அந்த வீட்டம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, எனக்கு ஜப்பானிய மொழில பத்து வார்த்தை தெரிஞ்சா அதிகம். ஒகாசான்னு கூப்பிடச் சொன்னாங்க, அம்மான்னு அர்த்தம்.

காலைல கிளம்பும்போது ஒரு பூப்போட்ட துணில முடிச்சு போட்டு மதிய சாப்பாடு கையில கொடுத்தாங்க, பென்தோ. நான் மீன் சாப்பிட மாட்டேன்னு முந்தின ராத்திரி சைகைல சொன்னதை ஞாபகம் வச்சு முட்டையும் பூசணிக்காயும் செஞ்சிருந்தாங்க. வாசல்ல ஷூ மாட்டிக்கிட்டு "இத்தேகிமாஸ்" சொன்னேன், அவங்க "இத்தெராஷ்ஷாய்"னு தலை குனிஞ்சு சொன்னாங்க. போயிட்டு வர்றேன், போயிட்டு வா, அவ்ளோதான். நம்ம வீட்ல "போறேன்"னு சொன்னா பாட்டி திட்டும்ல, அங்கேயும் வர்றதைச் சேர்த்துதான் சொல்றாங்கன்னு எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

டிராம்ல போய், அணுகுண்டு விழுந்தும் இடிபாடா மிஞ்சி நிக்கற அணுகுண்டு டோம் கிட்ட இறங்கினோம். படத்துல பார்த்த கட்டடம்தான், ஆனா பக்கத்துல ஆறு ஓடுது, சைக்கிள்ல ஆளுங்க ஆபீஸ் போறாங்க, நடுவுல அது மட்டும் எலும்புக்கூடா நிக்குது.

அப்புறம் அந்தக் குண்டுவீச்சைப் பத்தின மியூசியம். அத்தனை கூட்டத்துலயும் செருப்புச் சத்தம்தான் கேட்டுச்சு. மூணு வயசுக் குழந்தையோட துருப்பிடிச்ச சைக்கிள் ஒண்ணு இருந்துச்சு, அப்பா அதைக் குழந்தையோடயே புதைச்சிட்டு 40 வருஷம் கழிச்சு தோண்டி எடுத்துக் கொடுத்தாராம். அதைத் தாண்டியும் எப்படியோ வந்துட்டேன்.

அடுத்து ஒரு டிபன் பாக்ஸ். ஷிகேருன்னு 13 வயசுப் பையனோடது. விமானத் தாக்குதல்ல தீ பரவக்கூடாதுன்னு வரிசையா வீடுங்களை இடிப்பாங்களாம், அந்த வேலைக்கு ஸ்கூல் பசங்களையும் அனுப்பியிருக்காங்க, 1945 ஆகஸ்ட் 6 காலைல அவனும் போயிருக்கான். 8:15க்கு குண்டு. மூணு நாள் கழிச்சு அவங்க அம்மாதான் தேடிக் கண்டுபிடிச்சிருக்காங்க, உடம்பு அடையாளமே தெரியல, அந்த டப்பா அவன் உடம்புக்கு அடியில இருந்துச்சாம். மூடி நசுங்கிப்போய், உள்ள சாப்பாடு கரியா அப்படியே இருக்கு. ஒரு வாய்கூட சாப்பிடல. அவனும் அன்னைக்கு வாசல்ல "இத்தேகிமாஸ்" சொல்லிட்டுதானே போயிருப்பான், அவங்க அம்மாவும் போயிட்டு வான்னு சொல்லியிருப்பாங்க, இது மனசுல வந்ததும் என்னால அந்தக் கண்ணாடி முன்னாடி நிக்க முடியல. என் பையில இன்னொரு அம்மா கட்டிக் கொடுத்த டப்பா இருக்கு.

வெளிய வந்து ஆத்தங்கரை பெஞ்ச்ல உட்கார்ந்தேன். முடிச்சை அவுக்கவே கை வரல. கூட வந்த ஜப்பான் பொண்ணு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்துட்டு, அவ டப்பாவைத் திறந்து சாப்பிடறதுக்கு முன்னாடி சொல்ற "இததாகிமாஸ்"ஸை கைகூப்பிச் சொல்லிட்டு என்னைப் பார்த்தா. அப்புறம்தான் நானும் திறந்தேன். ஒரு பருக்கை விடாம சாப்பிட்டேன், வீணாக்கக்கூடாதுன்னு அழுதுக்கிட்டே சாப்பிட்டேன்.

மியூசியம் இருக்கற பார்க்லயே புல் முளைச்ச ஒரு மேடு இருக்கு, அதுக்குள்ள யாருன்னே தெரியாத கிட்டத்தட்ட 70,000 பேரோட சாம்பல் இருக்காம். அங்க போறவங்க தயவுசெஞ்சு டோம் முன்னாடி போட்டோ எடுத்துட்டு திரும்பிடாதீங்க, இந்த மேட்டுக்கிட்டயும் ரெண்டு நிமிஷம் நில்லுங்க.

சாயங்காலம் வீட்டு வாசல்ல "ததாய்மா"ன்னு சொன்னேன், வந்துட்டேன்னு அர்த்தம், குரலே வரல. உள்ள இருந்து "ஒகாயேரி"ன்னு ஓடி வந்தாங்க. டப்பாவை வாங்கித் திறந்து காலியா இருக்கறதைப் பார்த்து சிரிச்சாங்க பாருங்க, ஷூவைக்கூட கழட்டாம அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டேன். எங்க போயிட்டு வந்தேன்னு அவங்களுக்குத் தெரியும். எதுவும் கேக்கல, பக்கத்துல உட்கார்ந்து முதுகைத் தடவிக்கிட்டே இருந்தாங்க.

மறுநாள் காலைல அதே பூப்போட்ட துணில முடிச்சு போட்டு வாசல்ல டப்பா ரெடியா இருந்துச்சு.