மறு: இதய அறுவைக்குப் பின் வரும் தாளப்பிசகு: ‘நடுக்கம்’ போதுமா?

மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் குழுமத்தாருக்கு வணக்கம்.

> ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ‘மேலறை நடுக்கம்’ போதும். புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் இந்த நோயை அந்தச் சொல் காட்டவில்லை. அதை வார்டில் பட்டுத் தெரிந்துகொண்டேன். மதுரையில் இதய அறுவைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். பைபாஸ் முடிந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத் தாள் எழுதச் சொன்னார்கள். “அறுவைக்குப் பின் சிலருக்கு நடுக்கம் வரலாம்” என்று எழுதிவைத்தேன். மறுநாள் காலை ஓர் அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, “தாயி, எனக்கு அந்த நடுக்கம் வந்துருச்சு போல” என்றார். ஏசிக் குளிர். நாடி 78, தாளம் சுத்தம். அதே நேரம் நாலாம் கட்டிலில், மேலூர்ப் பக்கத்துப் பெரியவருக்கு மானிட்டரில் இதயத்துடிப்பு 140, 118, 152 என்று ஓரிடத்தில் நிற்கவில்லை. கை கால் எதிலும் நடுக்கம் கிடையாது. “என்ன செய்யுதுங்கய்யா?” என்றேன். “சட்டிக்குள்ள அயிரையப் போட்டு மூடுன மாதிரி இருக்குத்தா.”

அயிரை வாங்கிக் குழம்பு வைத்தவர்களுக்கு இது விளங்கும். மண்ணைக் கக்கட்டும் என்று உயிரோடு பாலில் போட்டு மூடினால் உள்ளே ஒவ்வொன்றும் தன் போக்கில் நெளியும். சட்டி மட்டும் அசையாது. மேலறையிலும் அப்படித்தான். நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை தாறுமாறான மின்துடிப்புகள். தசைநார்கள் தனித்தனியே துடிக்கின்றன, அறை ஒன்றாகச் சுருங்கி இரத்தத்தைத் தள்ளுவதில்லை. ஈசிஜியில் மேலறையின் துடிப்பைக் காட்டும் ‘பி’ அலை காணாமல் போகிறது. தேங்கிய இரத்தம் இடது மேலறையின் மூலையில் உறைந்து கிளம்பினால் பக்கவாதம் வரை போகும். துடிப்பு உண்டு, வேலை நடக்கவில்லை என்பதுதான் இந்த நோய். ‘நடுக்கம்’ அதைச் சொல்லவில்லை.

என் பரிந்துரை: மேலறை நெளிதுடிப்பு.

> ‘சீரற்ற இதயத்துடிப்பு’ என்று எளிமையாக எழுதலாமே?

அரித்மியா, அதாவது இதயத் தாளக் கோளாறு, எல்லாமே சீரற்றதாக இருப்பதில்லையே, தோழர். மேலறை ஃப்ளட்டர் என்ற இன்னொரு கோளாறில் அறை நிமிடத்துக்கு 300 தடவை போல அடிக்கும். பல பேருக்கு நாடி 150-இல் கடிகாரம் மாதிரிச் சீராக ஓடும். அதுவும் கோளாறுதான். ஆகவே பொதுப்பெயராகத் ‘தாளப்பிசகு’ என்று வைக்கலாம் என்பேன். தவில்காரர் அடி தப்பினாலும் பிசகு, அடி தப்பாமல் காலத்தை ஓட்டினாலும் பிசகு. ‘படபடப்பு’ நோயாளி தானாக உணர்ந்து சொல்வது. அதை அவரிடமே விட்டுவிடுவோம்.

ஈழத்து நண்பர் சொன்ன ‘சோணை’ உண்மையில் நல்ல சொல், ‘மேலறை’யைவிடக் கச்சிதம். ஆனால் எங்கள் பக்கம் சோணைச்சாமி குலதெய்வம். வார்டில் ‘சோணை’ என்று குரல் கொடுத்தால் ரெண்டு பேர் எழுந்து உட்காருவார்கள்.

அடுத்தது ப்ரொஃபிலாக்ஸிஸ், அதாவது நோய் வருமுன்பே கொடுக்கும் மருந்து. ‘தடுப்பு மருந்து’ என்று தாளில் இருந்ததைப் பார்த்து ஒரு மகன், “தடுப்பூசி எங்க போடுறாங்க, சிஸ்டர்?” என்று கேட்டார். அதைவிடப் பெரிய சிக்கல், ‘தடுப்பு’ என்றால் இனி வராது என்று வாக்குக் கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது. பைபாஸுக்குப் பின் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நெளிதுடிப்பு வருகிறது, பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். வால்வு அறுவையும் சேர்ந்தால் இன்னும் கூடும். இதயத்துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் பீட்டா பிளாக்கரும், தாளத்தைச் சீராக்கும் அமியோடரோனும் அந்த எண்ணிக்கையைக் குறைக்கும், பூச்சியமாக்காது. அதனால் ‘வருமுன் காப்பு’ என்று மாற்றினேன். அரசுத் திட்டத்தின் பெயரிலேயே கேட்டுப் பழகியதால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. அதன்கீழே தடித்த எழுத்தில் ஒரே வரி: ஏற்கெனவே சாப்பிட்டு வரும் பீட்டா பிளாக்கரை அறுவை என்பதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். (இந்த வரிக்காகவே அந்தத் தாள் முழுவதையும் எழுதலாம்.)

இன்னொன்றில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். அறுவையின்போதே இதய உறையின் பின்பக்கம் ஒரு கீறல் போட்டு, இதயத்துக்குப் பின்னால் சேரும் இரத்தம் இடது நுரையீரலைச் சுற்றியுள்ள இடத்துக்குள் வடியும்படி செய்கிறார்கள். அங்கே தேங்கும் இரத்தம் மேலறையை உறுத்துவதும் பிசகுக்கு ஒரு காரணம். நியூயார்க்கில் 420 பேரிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், கீறல் போட்டவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 32 விழுக்காட்டினருக்கும் நெளிதுடிப்பு வந்தது. இதற்கு எனக்கு முதலில் தோன்றிய சொல் ‘கலுங்கு’. ஆனால் கலுங்கு கண்மாய் நிறைந்த பிறகு மிச்சத்தை வெளியேற்றுவது. இந்தக் கீறலோ தேங்கவே விடாமல் வடிப்பது. இப்போதைக்கு ‘பின்வடிகீறல்’ என்று வைத்திருக்கிறேன். வாயில் நுழையவில்லை என்று எனக்கே தெரிகிறது. கண்மாய்ப் பாசனச் சொற்கள் அறிந்தவர்கள் யாராவது கைகொடுங்கள்.

மேலூர்ப் பெரியவருக்கு அமியோடரோன் ஏற்றி, சாயங்காலத்துக்குள் தாளம் திரும்பிவிட்டது. திருத்திய தாளைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “நெளியுதுன்னு போட்டிருக்கீக. அதேன், அதேன்” என்றார்.

தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. நெளிதுடிப்பு வினைத்தொகை, ஒற்று மிகாது. தயவுசெய்து யாரும் ‘நெளித்துடிப்பு’ என்று திருத்தி அனுப்பிவிடாதீர்கள்.