"கலெக்‌ஷன்" என்பதற்குப் "படத்தொகுப்பு" வேண்டாம், "படக்கோவை" என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வீட்டுத் திரைப்படச் சேகரிப்பை ஒழுங்குபடுத்தும் செயலிகளுக்கான சொற்பட்டியலில், "கலெக்‌ஷன்" என்பதற்கு, அதாவது தொடர்புள்ள படங்களை ஒரே பெயரின்கீழ் சேர்த்துவைக்கும் கூட்டத்துக்கு, நேரே "படத்தொகுப்பு" என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டோம். முதற்பார்வையில் அதில் குறையேதும் தெரியவில்லை. நானும் அன்று தலையசைத்தவன்தான். ஆனால் அந்தச் சொல்லை இட்ட மொழிக்கோப்பை (செயலியின் திரைச்சொற்கள் அடங்கிய கோப்பை) என் வீட்டுக் கணினியில் ஏற்றிப் பார்த்தபோது, ஒரே திரையில் மேலே "படத்தொகுப்பு: காஞ்சனா" என்றும், நான்கு வரி தள்ளிக் கலைஞர் பட்டியலில் "படத்தொகுப்பு" என்று எடிட்டரின் பெயரும் வந்து நின்றன. இரண்டையும் பார்த்த என் மனைவி, காஞ்சனா என்பவரும் எடிட்டரா என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. படத்தொகுப்பு என்பது தமிழ்த் திரையுலகம் தன் பெயர்ப்பட்டியலில் எடிட்டிங்குக்கு நெடுநாளாக ஆண்டு வரும் சொல். விமரிசனத்திலும் சுவரொட்டியிலும் விருது அறிவிப்பிலும் படத்தொகுப்பாளர் என்றால் அவர் எடிட்டர்தான். அதை அசைக்க நமக்கு உரிமையும் இல்லை, தேவையும் இல்லை. எனவே இந்தப் பட்டியல் முழுமைக்கும் ஓர் அளவுகோலை முன்வைக்கிறேன்: ஒரு சொல் தனியே நின்று சரியான பொருள் தருவது மட்டும் போதாது, அது தோன்றப் போகும் திரையில் ஏற்கெனவே குடியிருக்கும் சொற்களோடு மோதாமலும் இருக்க வேண்டும்.

சொல்லைத் தேடுமுன், அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். படங்களை அகரவரிசையில் அடுக்கினால், 2007இல் வந்த "முனி" மகரத்தில் போய் உட்காரும்; அதன் வழிவந்த "காஞ்சனா" (2011), அதன் இரண்டாவது (2015), மூன்றாவது (2019) ஆகியவை ககரத்தில் நிற்கும். "எந்திரன்" (2010) எகரத்தில் இருக்க, அதன் தொடர்ச்சியான "2.0" (2018) எண்களோடு சேர்ந்து பட்டியலின் தலைக்கே ஏறிவிடும். ஆண்டுவாரியாக அடுக்கினாலோ இடையில் வேறு நூறு படங்கள் புகுந்துவிடும். இப்படிப் பிரிந்து கிடப்பவற்றை ஒரு பெயரின்கீழ் சேர்த்து, அடுக்கில் ஒற்றைப் படமாகக் காட்டி, தொட்டதும் முறைப்படி விரிப்பதுதான் நாம் பெயர் தேடும் பொருள். ஜெல்லிஃபின் என்னும் செயலி அதைக் கலெக்‌ஷன் என்கிறது. கோடி என்னும் செயலி மூவி செட் என்கிறது. அந்த இரண்டாவது பெயரை ஒலிபெயர்த்து "செட்" என்றே விடலாம் என்ற நண்பருக்கு ஒரு சொல்: தமிழ்ப் படவுலகில் செட் என்றால் அது தச்சர்கள் போடுவது.

இதுவரை குழுவில் வந்தவற்றை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். "தொடர்" என்பது தொலைக்காட்சித் தொடருக்குப் போய்விட்டது. இதே செயலிகளில் அதற்கெனத் தனிப் பிரிவே உண்டு. "வரிசை" என்பதை அகரவரிசைக்கும், அடுத்தடுத்து ஓடக் காத்திருக்கும் பட்டியலுக்கும் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். "சேகரிப்பு" நல்ல சொல்தான். ஆனால் "என் சேகரிப்பில் அறுநூறு படங்கள் இருக்கின்றன" என்று ஒருவர் சொல்லும்போது அது முழு இருப்பையும் குறிக்கிறது, அதன் உட்பிரிவு ஒன்றுக்கும் அதே பெயர் என்றால் குழப்பம் மிஞ்சும். "தொகுதி"க்கு மரபின் வலு உண்டு. பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு தன் பன்னிரண்டு பிரிவுகளையும் பெயர்த்தொகுதி என்றே சொல்கிறது. எனினும் திரையில் "சிங்கம் தொகுதி" என்று படித்த என் அண்ணன் மகன், அங்கே யார் வேட்பாளர் என்று கேட்டுவிட்டான். "தொகை"யை நான் மிகவும் விரும்பினேன். ஆனால் எட்டுத்தொகையை அறிந்தவருக்கும் "படத்தொகை" என்றதும் நடிகரின் சம்பளம்தான் நினைவுக்கு வருகிறது.

தொகையைக் கைவிட இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பிரிக்கிறது. தொகைநிலை என்பது தனித்தனியே பொருள் முடிந்த பாடல்களை ஏதேனும் ஒரு பொதுமை பற்றிச் சேர்ப்பது. அந்தப் பொதுமை ஒருவரே பாடியதாக இருக்கலாம், பொருளாகவோ இடமாகவோ காலமாகவோ தொழிலாகவோ இருக்கலாம், பாட்டின் வகையாகவோ அளவாகவோ இருக்கலாம். உரை அதற்குக் காட்டும் சான்றுகளில் பொருளால் தொகுத்தது புறநானூறு, காலத்தால் தொகுத்தது கார் நாற்பது, அளவால் தொகுத்தது குறுந்தொகை. திரைப்படச் செயலியின் இடப்பக்கத்தில் இயக்குநர், வகை, ஆண்டு, ஓடும் நேரம் என்று இருக்கும் வடிகட்டிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு அடிக்கு மேற்படாத அகப்பாடல்களைக் குறுந்தொகையாக ஒருசேர வைத்தவரும், இரண்டு மணிக்குள் முடியும் படங்களை மட்டும் காட்டு என்பவரும் செய்வது ஒரே வேலை. ஆனால் அந்த வேலையை வடிகட்டியே செய்துவிடும். அதற்காக யாரும் உட்கார்ந்து கையால் ஒரு பெயரிட்ட கூட்டத்தை உருவாக்க வேண்டியதில்லை.

முனியையும் காஞ்சனாவையும் எந்த வடிகட்டியும் தானாகச் சேர்த்து முறைப்படுத்தாது. இயக்குநரை வைத்துத் தேடினால் அவருடைய பிற படங்களும் வரும். வகையை வைத்துத் தேடினால் ஊரிலுள்ள பேய்ப்படங்கள் எல்லாம் வரும். நமக்கு வேண்டியது தொடர்நிலையின் பக்கம் இருக்கிறது. முன்னது எது, பின்னது எது என்பது அங்கே முக்கியம். தொடர்நிலை சொல்லாலும் வரும், பொருளாலும் வரும் என்கிறது அதே நூல். 2022இலும் 2023இலும் வந்த "பொன்னியின் செல்வன்" பாகங்கள் பொருளால் தொடர்பவை. "அரண்மனை" படங்களோ கதை ஒவ்வொன்றும் வேறாக இருக்கப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நான்காவது வரை வந்திருக்கின்றன. அவற்றைச் சொற்றொடர்நிலை என்று சொன்னால் தண்டியாசிரியர் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

அந்தப் பக்கம் நின்று தேடியபோதுதான் "கோவை" கிடைத்தது. கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல். மணிக்கோவை, முத்துக்கோவை என்று வீட்டிலும் புழங்குவது. இலக்கியத்தில் கோவை என்பது காதலின் துறைகளை இயற்கைப் புணர்ச்சி தொடங்கி ஒரு கதைபோல நிரல்பட வைப்பது; திருக்கோவையாரில் 400 பாடல்களும் அவ்வாறே கோக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பாடலையும் தனியே எடுத்து நுகரலாம், ஆனால் அதன் இடம் மாறினால் கதை குலையும். படங்களின் நிலையும் அதுதான். கதைத்தொடர்ச்சி இல்லாதவற்றையும் இதில் வைக்கலாமா என்று கேட்டால், வைக்கலாம். ஆசாரக்கோவையில் கதை ஏதும் இல்லை, நூறு பாட்டும் ஒரு நூலில் கோத்தவையாகவே நிற்கின்றன. கோப்பும் இதே கோத்தலிலிருந்து வந்தது என்பது நமக்கு வாய்த்த கூடுதல் வசதி. வட்டில் இருப்பது கோப்பு, கோப்புகளை நிரல்பட வைத்தால் கோவை.

எதிர்ப்புகளை நானே சொல்லிவிடுகிறேன். கோவை என்றால் கோயம்புத்தூர் அல்லவா என்பது முதலாவது. தனிச்சொல்லாக நின்றால் அந்த மயக்கம் வரும். ஆகவே பட்டியலிலும் தலைப்பிலும் "படக்கோவை" என்று முழுமையாக எழுதுவோம். உள்ளே போன பிறகு பொத்தான்களில் "கோவை" என்று சுருக்கிக்கொள்வோம். இரண்டாவது எதிர்ப்பு வலுவானது. இலங்கை அலுவலக வழக்கில் ஆவணங்களை அடுக்கிவைப்பதைக் கோவைப்படுத்தல் என்பார்கள் என்றும், அங்குள்ள பயனர் கோவையைக் கோப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடும் என்றும் யாழ்ப்பாணத்து நண்பர் எழுதியிருந்தார். ஆனால் அதே நாட்டில் தண்டனைச் சட்டக்கோவை, தாபன விதிக்கோவை என்று நிரலெண் இட்டு ஒழுங்குபடுத்திய தொகுதிகளுக்கும் இச்சொல்லே வழங்குகிறது. நாம் கேட்கும் பொருள் அதற்கு மிக அருகில் இருக்கிறது. அவர் இதை ஏற்பாரானால் மற்றவர்களுக்குத் தடை இராது என்று நினைக்கிறேன்.

இதே அளவுகோலில் இன்னும் சில சொற்களும் திருத்தம் கேட்கின்றன. "பாகம்" என்பதை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறோம். இரண்டாம் பாகம் என்றால் மக்களுக்கு அது அடுத்த படம். ஆனால் விசிடி காலத்துச் சேகரிப்பு வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு: ஒரு வட்டில் ஏறக்குறைய 74 நிமிடமே அடங்கும், நம் படமோ இரண்டரை மணி ஓடும், ஆகவே ஒரே படம் இரண்டு மூன்று வட்டுகளாக இருக்கும். அதைக் கணினியில் ஏற்றினால் இரண்டு மூன்று கோப்புகள். அவற்றைப் பாகம் 1, பாகம் 2 என்று காட்டினால், இடைவேளைக்குப் பிந்திய பகுதியைத் தனிப் படம் என்று எண்ணி ஏமாறுவார்கள். அங்கே "துண்டு" என்று எழுதிவிடுவோம். அழகில்லை, ஆனால் யாருக்கும் புரியும். சுருள் என்று போடலாம் என்ற யோசனை இனிமையானதுதான். வட்டில் வந்த படத்துக்குச் சுருள் ஏது?

"லைப்ரரி"க்கு நூலகம் என்பதை நான் எதிர்க்கவில்லை. ஆங்கிலச் சொல்லின் வேரும் நூலைக் குறிப்பதுதான், அவர்கள் அதைப் படத்துக்கும் நீட்டிக்கொண்டார்கள். தமிழில் அந்த நூல் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் சிலருக்கு உறுத்துகிறது. மாற்று வேண்டுமென்றால் "படவகம்" இருக்கிறது. மரம் என்பதும் அடி என்பதும் சேர்ந்து மரவடி ஆவதுபோல் இலக்கணத்துக்கும் பொருந்தும். காப்பகம் மட்டும் வேண்டாம். அது புனேயில் 1964இல் தொடங்கிய தேசியத் திரைப்படக் காப்பகம் போன்ற, படச்சுருள்களை அழியாமல் காக்கும் இடங்களுக்கு உரியது. நம் வீட்டு வன்வட்டு எதையும் காப்பதில்லை என்பதை அது பழுதான நாளில் அறிந்தேன்.

அடுத்தது, அடுக்குவதற்கென்று மட்டும் உள்ளே எழுதிவைக்கும் மறைபெயர். "2.0" என்ற படத்துக்கு அங்கே "எந்திரன் 2" என்று எழுதினால் அது உரிய இடத்துக்கு வந்துவிடும், திரையில் பெயர் மாறாது. இதற்கு "வரிசையாக்கத் தலைப்பு" என்று இருப்பதை "அடுக்குப்பெயர்" ஆக்கலாம். தமிழ்ச் சேகரிப்புக்கு இந்தக் கட்டம் மிகவும் தேவைப்படுகிறது. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் ஒருங்குறியின் (யூனிகோடு) எண் வரிசையில் னகரம் பகரத்துக்கு முன் நிற்பதால், தமிழ் அடுக்குமுறையை அறியாத செயலி "அன்பே வா", "அபூர்வ ராகங்கள்", "அவள் ஒரு தொடர்கதை" என்று அடுக்கும். நம் அகராதி முறைப்படி னகரம் கடைசி மெய்; அபூர்வ ராகங்கள் முதலிலும் அன்பே வா முடிவிலும் வர வேண்டும். முறையான தமிழ் அடுக்குவிதியைச் செயலி பயன்படுத்தும் வரை அடுக்குப்பெயர்தான் கைத்தடி. ஒரே பெயரில் வந்தவற்றுக்கும் அது உதவும்: "உத்தம புத்திரன்" 1940, 1958, 2010 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வந்திருக்கிறது, ஆண்டை உடன் எழுதாவிட்டால் மூன்றும் முறையின்றி நிற்கும். இந்த மூன்றையும் ஒரு கோவையில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. முதல் இரண்டும் ஒரே கதையை இருமுறை சொன்னவை, மூன்றாவது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டது. ஆயினும் சேகரிப்பவர் விருப்பத்தில் நான் குறுக்கிட மாட்டேன்.

புதுச் சொல்லைத் திரைப்படம் அல்லாத ஒன்றிலும் சோதித்தேன். எங்கள் வீட்டு வீடியோ கேசட்டுகளைக் கணினியில் ஏற்றியபோது என் தங்கையின் நிச்சயதார்த்தம், திருமணம், வளைகாப்பு என மூன்று கோப்புகள் வந்தன. இவற்றுக்கு இணையத்தில் விவரம் தேடும் வசதி ஒன்றும் உதவாது. தேதியை முன்னால் வைத்து ஆண்டு, மாதம், நாள் என்று கோப்புப்பெயர் எழுதுவதுதான் வழி. மூன்றையும் தங்கையின் பெயரில் ஒரு கோவையாக வைத்தேன். அம்மா அதைத் திரையில் பார்த்துவிட்டு, விளக்கம் ஏதும் கேட்காமல் தொட்டுத் திறந்தார்.

மொழிக்கோப்பில் கீழ்க்கண்டவாறு மாற்றியிருக்கிறேன்: "புதிய படக்கோவை", "கோவையில் சேர்", "கோவையிலிருந்து எடு", "கோவையை விரி". ஒரே ஒரு வரி மட்டும் நிற்கிறது. ஒரு படம் மட்டுமே கையிருப்பில் உள்ள கூட்டத்தையும் பட்டியலில் காட்டலாமா என்று கேட்கும் அமைப்பு அது. "ஒரே படமுள்ள கோவைகளையும் காட்டு" என்று எழுதியிருக்கிறேன். ஒற்றை மணியைக் கோவை என்று சொல்வது பொருந்துமா என்று இலக்கணம் அறிந்தவர்கள் யாராவது சொன்னால், அந்த வரியை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
குழு உறுப்பினர் ஒருவன்