பழைய மடிக்கணினியில் வீட்டு சர்வர்: மின்சாரம் போய் வந்த பிறகும் தானாக எழ வேண்டும்

குடும்பப் படங்களையும் அப்பாவின் மருத்துவ அறிக்கைகளையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில், லினக்ஸ் பற்றி அதிகம் தெரியாமலே சர்வர் அமைக்கத் தொடங்கியவன் நான். எந்தெந்த மென்பொருளை நிறுவலாம் என்று சொல்லித் தருபவர்கள் ஏராளம். மின்சாரம் போய்த் திரும்பிய பின் யாரும் தொடாமலே சர்வர் வேலைக்குத் திரும்புமா என்பதே எனக்கு முதல் கேள்வியாக இருந்தது. நம்பகத்தன்மையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியைக் குறைந்த செலவில் வாங்கியிருக்கலாம். ஆனால், ஓயாமல் எழுதப்படும் மெமரி கார்டு தேய்ந்துவிடும் என்பதாலும், திடீரென மின்சாரம் போனால் அதிலுள்ள தரவு சிதையக்கூடும் என்பதாலும், வீட்டில் சும்மா கிடந்த திங்க்பேட் மடிக்கணினியையே எடுத்துக்கொண்டேன். அதன் பேட்டரியே ஒரு யூபிஎஸ். எப்போதும் நூறு சதவீதத்தில் சார்ஜ் நின்றால் பேட்டரி உப்பும் அபாயம் உண்டு. ஆகவே 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்லும் அமைப்பைச் செய்தேன். மூடியை மூடினாலும் தூங்கிவிடாதிருக்க, மூடி, பவர் பட்டன் ஆகியவற்றைக் கவனிக்கும் லாகின்ட் நிரலின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். மின்வெட்டு நீண்டு பேட்டரியும் தீர்ந்துவிட்டால், மின்சாரம் வந்ததும் தானாக இயங்கத் தொடங்கும் வசதி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) இருக்கிறதா என்பதையும் பார்த்து வையுங்கள். எல்லா மாடல்களிலும் அது இருப்பதில்லை.

இயங்குதளமாக லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனைத் தேர்ந்தெடுத்தேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அதன் புதிய நிலைப்பதிப்பு வரும். 2025 ஆகஸ்டில் வெளியானது 13ஆம் பதிப்பு. இடைப்பட்ட காலத்தில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களே வருவதாலும், அவற்றைத் தானாக நிறுவிக்கொள்ள வழி இருப்பதாலும், நேற்று இயங்கியது இன்றும் இயங்கும் என்று நம்பி இருக்கலாம். கட்டளைகளை ஈயடிச்சான் காப்பியாக ஒட்டாமல், செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் காரணத்தோடு ஒரு நோட்டில் எழுதி வந்தேன். தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் வேறில்லை.

எல்லாம் அமைந்த பின், வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துச் சோதித்தேன். மடிக்கணினி தடையின்றி ஓடியது. ஆனால், இன்வர்ட்டர் இணைப்பில் இருந்தும் ரவுட்டர் ஒரு நொடி அணைந்து மீண்டும் தொடங்கியது. இன்வர்ட்டரின் பின்புறச் சுவிட்சை யூபிஎஸ் நிலைக்கு மாற்றியதும் அது சரியானது. மின்சாரம் மாறும் இடைவெளி அந்த நிலையில் குறைவு.

அடுத்து, படங்கள் இருக்கும் வெளி ஹார்டு டிஸ்க். எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதப்பட்ட ஒரு டிஸ்க், கணினி தொடங்கும்போது கிடைக்காவிட்டால், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, பிறகு அவசரநிலைத் திரையில் நின்றுவிடும். திரையே பார்க்காத சர்வருக்கு அது முழு முடக்கம். நோஃபெயில் என்ற சொல்லை அந்த வரியில் சேர்த்தால் டிஸ்க் இல்லாமலும் கணினி எழுந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. டிஸ்க் வராத நிலையில் அதன் இடத்தில் இருப்பது வெறும் ஃபோல்டர். நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் டாக்கரில் இயங்கும், படங்களைச் சேமிக்கும் இம்மிச் போன்ற நிரல் புதிய படங்களை அந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதி, சிஸ்டம் இருக்கும் டிஸ்க்கை நிரப்பிவிடக்கூடும். பின்பு வெளி டிஸ்க் இணைந்ததும் அந்தப் படங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். இதைத் தடுக்க, டிஸ்க்கை இணைக்காத நேரத்தில் அந்த வெற்று ஃபோல்டரை சாட்டர் கட்டளையால் பூட்டினேன். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனர்கூட அதில் எழுத முடியாது. டிஸ்க்கைக் கழற்றி, கணினியை மீண்டும் தொடங்கி, எழுத மறுக்கும் பிழைச்செய்தியை ஜர்னல் என்ற நிகழ்வுப் பதிவில் கண்ட பிறகே மனம் அமைதியானது.

வெளியிலிருந்து அணுகுவதைப் பொறுத்தவரை, ரவுட்டரில் வெளியிலிருந்து நுழையும் வழியான போர்ட் எதையும் நான் திறக்கவில்லை. எங்கள் இணைய இணைப்பு பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் வகை என்பதால், திறந்தாலும் பயனில்லை. வயர்கார்டு என்ற மறையாக்க இணைப்பு முறையை அடிப்படையாகக் கொண்டு, என் கருவிகளை ஒரு தனி வலையில் இணைக்கும் டெயில்ஸ்கேல் போதுமானதாக இருக்கிறது. தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச்சில் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுச் சாவிக் கோப்பு வழியாக மட்டுமே நுழைகிறேன்.

ஒரே தரவை இரண்டிலும் எழுதும்படி இரண்டு டிஸ்க்குகளை ரெய்டில் இணைப்பதைக் காப்புப்பிரதி என்று எண்ணிவிடாதீர்கள். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழிந்துபோகும். நான் ரெஸ்டிக் என்ற காப்புப்பிரதி நிரலைக் கொண்டு ஒவ்வோர் இரவும் தம்பி வீட்டிலுள்ள டிஸ்க்குக்கு அனுப்புகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தால் அது பாதியில் அறுந்த நிலையில் வந்து சேரக்கூடும் என்பதால், முதலில் படங்களின் விவரங்கள் இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திலிருந்து ஒரு டம்ப் (முழு நகல்) எடுத்து, அதையும் சேர்த்து அனுப்புகிறேன். மாதந்தோறும் வேறொரு கணினியில் அந்த டம்பை ஏற்றி, அக்கா திருமண ஆல்பம் பெயர்களோடும் தேதிகளோடும் திறக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.