ரோட்டுச் சத்தத்துக்கு எந்தக் கண்ணாடி?

கேள்வி: தாம்பரத்தில் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி, முதல் மாடி பெட்ரூம். 5 அடிக்கு 4 அடி அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல், 5 மி.மீ. கண்ணாடி. பஸ் உறுமலும் ஹாரனும்தான் தொல்லை. கடைக்காரர் 5-12-5 டபுள் கிளேஸ் (நடுவில் 12 மி.மீ. இடைவெளி விட்ட இரண்டு 5 மி.மீ. கண்ணாடி) போடச் சொல்கிறார். போடலாமா?

பதில் 1: வேண்டாம். இரண்டு கண்ணாடியும் ஒரே கனம்னா ஒரே அதிர்வெண்ணில் இரண்டுமே சத்தத்தை உள்ளே விடும். 12 மி.மீ. இடைவெளி வெளிச்சூடு உள்ளே வர்றதைக் குறைக்க உதவும். பஸ் உறுமல் மாதிரி தாழ்ந்த ஒலிக்குப் பத்தாது. அக்கூஸ்டிக் பிவிபி (சத்தத்தை அடக்கும் பிளாஸ்டிக் படலம்) நடுவில வெச்சு ஒட்டின லேமினேட்டட் கண்ணாடி கேளுங்க, 6+0.76+6 மி.மீ. (கண்ணாடி, படலம், கண்ணாடி). டபுள்தான் வேணும்னா ஒரு பக்கம் 6, மறுபக்கம் 4+0.76+4.

பதில் 2: முதல்ல ஃப்ரேமைப் பாருங்க சார். ஸ்லைடிங்கில் ஓரத்து பிரஷ் பட்டை வழியா காத்து வந்தா சத்தமும் வரும், எந்தக் கண்ணாடி போட்டாலும் வீண்செலவு. இபிடிஎம் கேஸ்கெட் (ரப்பர் பட்டை), பல முனை லாக் உள்ள யுபிவிசி கேஸ்மென்ட்டுக்கு (கீல்ல திறக்கிற பிளாஸ்டிக் ஃப்ரேம் ஜன்னல்) மாத்துங்க. மேலே சொன்ன 6+0.76+6, அதாவது 12.76 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ தாண்டும். ரெண்டு கதவாப் பிரிச்சு, கீல் எவ்வளவு தாங்கும்னு கேட்டு வாங்குங்க. மாட்டினதும் ஒரு பேப்பரைக் கதவுக்கும் ஃப்ரேமுக்கும் இடையில வெச்சுப் பூட்டி இழுங்க. சுலபமா வந்தா லாக்கை இறுக்கணும்.

பதில் 3: ஓரம் அடைக்க நியூட்ரல் சிலிகான்தான். புளிச்ச வாடை அடிக்கிற வகை லேமினேட் ஓரத்தைக் கெடுக்கும். வாடகை வீடுன்னா பழைய ஜன்னலைத் தொடாம, உள்பக்கம் 100 மி.மீ. தள்ளி இன்னொண்ணு போடுங்க.